கடலடியில் மூச்சு விட எளிய கருவி போதாதா?



பழைய சினிமாப் படங்களில் ஒரு காட்சி வரும். எதிரிகள் துரத்தி வருவார்கள். கதாநாயகன் குளத்தில் குதிப்பான். ஒரு நாணல் குழாயை வாயில் வைத்து, அதன் மறுமுனையை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, குளத்தின் அடியில் உட்கார்ந்துவிடுவான். தேடி வந்தவர்கள் ஏமாந்து திரும்பிப் போவார்கள். உண்மையில் ஏமாறுவது அவர்கள் மட்டுமல்ல. படம் பார்க்கும் நாமும்தான்!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீருக்குள் 1 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் 100 கிராம் எடை கூடுதலாக அழுத்துகிறது. உங்கள் மார்பின் முன்புறம் 30 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 900 சதுர செ.மீ. அப்படியானால் மார்பை அழுத்தும் கூடுதல் எடை 90 கிலோ! குழாய் வழியே நுரையீரலுக்கு வரும் காற்றோ வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே இருக்கிறது. மார்பின் மேல் ஒரு நெல் மூட்டையை ஏற்றி வைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்க முடியுமா? ஓரிரு முறை முக்கி முனகி இழுக்கலாம். அதற்கு மேல் முடியாது.

ஆகவே, நீருக்கடியில் இருப்பவருக்குக் காற்று கிடைத்தால் மட்டும் போதாது. அந்தக் காற்று, அவரைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே கிடைக்க வேண்டும். 5 மீட்டரில் இருந்தால் அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தம். 20 மீட்டருக்கு இறங்கினால் அதற்கேற்ற அழுத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் இதைத் தானாகவே கணக்கிட்டுக் கொடுக்கும் கருவிதான் ரெகுலேட்டர். ஸ்கூபா என்று சொல்லப்படும், முதுகில் சுமந்து செல்லும் நீரடி மூச்சுக் கருவியின் இதயம் அது.

இன்று அந்தமான், லட்சத்தீவு, புதுச்சேரி, கர்நாடகத்தின் நேத்ராணித் தீவு ஆகிய இடங்களில் ஸ்கூபா முக்குளிப்பு கற்றுத் தருகிறார்கள். கற்று முடித்து, சொந்தக் கருவி வாங்க நினைக்கும் இளைஞர் முதலில் கேட்பது, ‘எந்த ரெகுலேட்டர் வாங்கலாம்?’ என்பதுதான். எளிய தொகுப்புக்கே பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். உயர்ந்த வகை என்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ‘இது உயிர் விஷயம், விலையைப் பார்க்கலாமா?’ என்று விற்பவர் சொல்வார். கேட்பவரும் வாயடைத்துப் போவார்.

என் கருத்து இதுதான்: அந்த வாசகம் பாதிதான் உண்மை. இது உயிர் விஷயம் என்பது உண்மை. விலை கூடினால் உயிருக்குப் பாதுகாப்பும் அதே அளவில் கூடும் என்பது உண்மையல்ல. வெதுவெதுப்பான கடலில், 30 மீட்டருக்குள் மூழ்கும் ஒருவருக்கு, முறையான தரச் சோதனையில் தேறிய எளிய ரெகுலேட்டரே போதும். மிச்சமாகும் பணத்தை அதன் பராமரிப்புக்கு ஒதுக்குவதே அறிவுடைமை. இதை நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம். உங்கள் இயற்பியல் பாடமே சொல்கிறதா என்று பார்ப்போம், வாருங்கள்.

அடுப்படியில் இருக்கும் அண்ணன்

உங்கள் வீட்டு அடுப்படியில் கேஸ் சிலிண்டரின் தலைமேல் ஒரு ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. அது அப்படியே அடுப்புக்கு வந்தால் என்ன ஆகும்? ரெகுலேட்டர் அதைக் குறைத்து, வெளிக்காற்றைவிடச் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 30 கிராம் மட்டுமே கூடுதலான அழுத்தத்தில் அனுப்புகிறது. அதற்குள்ளே ஒரு ரப்பர் சவ்வு, ஒரு சுருள்வில், ஒரு நெம்புகோல், ஒரு வால்வு. அவ்வளவுதான். அதன் மூடியில் ஒரு சிறு துளை இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தத் துளை வழியாகத்தான் சவ்வின் வெளிப்புறம் ‘வெளிக்காற்றின் அழுத்தம் எவ்வளவு?’ என்று அறிந்துகொள்கிறது.

இப்போது ஒரு கற்பனை. அந்தத் துளை காற்றில் திறக்காமல் கடல்நீரில் திறந்தால்? சவ்வு ‘நீரின் அழுத்தம் எவ்வளவு?’ என்று அறியும். அதற்கேற்பக் காற்றைக் கொடுக்கும். முக்குளிப்பவரின் ரெகுலேட்டர் வேலை செய்யும் தத்துவம் இதுதான்.

வரலாறும் இப்படித்தான் நடந்தது. 1860களிலேயே பிரான்சில் ருக்கெரோல், தெனெருஸ் என்ற இருவர், தேவைக்கேற்பக் காற்றுத் தரும் கருவி ஒன்றை முக்குளிப்புக்குப் பயன்படுத்தினர். பின்னர், இரண்டாம் உலகப் போரின்போது அந்நாட்டில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். என்ஜினுக்குத் தேவையான அளவு வாயுவைத் தானாகக் கொடுக்கும் வால்வு ஒன்றை எமில் காக்னன் என்ற பொறியாளர் செய்து வைத்திருந்தார். கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோ அதைப் பார்த்தார். என்ஜினுக்குப் பதில் மனிதனுக்குக் காற்றைக் கொடுக்க முடியாதா என்று இருவரும் சேர்ந்து முயன்றார்கள்.

1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் சோதனை. கூஸ்தோ படுத்த நிலையில் நீந்தியபோது கருவி நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொப்பளித்துப் போயிற்று. தலைகீழானால் மூச்சு இழுக்கவே சிரமம். காரணம் என்ன? மூச்சு வெளியேறும் வால்வும் காற்றைக் கொடுக்கும் சவ்வும் சில அங்குலத் தொலைவில் இருந்தன. உடலைத் திருப்பும்போது இரண்டும் வெவ்வேறு ஆழத்தில், அதாவது வெவ்வேறு அழுத்தத்தில் இருந்தன. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். சிக்கல் தீர்ந்தது. பாருங்கள், சில அங்குல ஆழ வேறுபாடு உலகப் புகழ்பெற்ற ஒரு கண்டுபிடிப்பையே தடுத்து நிறுத்தப் பார்த்திருக்கிறது!

1952இல் ஆஸ்திரேலியாவின் டெட் எல்ட்ரெட், அழுத்தக் குறைப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை உருளையின் தலையிலும் மற்றதை வாயருகிலும் வைத்து, இரண்டையும் ஒற்றைக் குழாயால் இணைத்தார். இன்று கடையில் விற்கும் ஏறக்குறைய எல்லா ரெகுலேட்டர்களும், மலிவானதோ விலையுயர்ந்ததோ, இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. ஆகவே எளிய ரெகுலேட்டர் ஒன்றும் புதுக் கத்தரிக்காய் அல்ல. பல பத்தாண்டுகள் கடலில் தேறிய சரக்கு.

இரண்டு படிகள்

முக்குளிப்பவரின் உருளையில் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றையே வடிகட்டி, 200 பார் வரை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். (1 பார் என்பது ஏறத்தாழ ஒரு காற்றுமண்டல அழுத்தம்.) ஒரு கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு!

முதல் படி, உருளையின் மேலே பொருத்தப்படுவது. அது 200 பாரை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. இதை இடை அழுத்தம் என்போம். அந்தக் காற்று ஒரு ரப்பர் குழாய் வழியே வாயருகில் உள்ள இரண்டாம் படிக்கு வருகிறது. அங்கே ஒரு சவ்வு. மூச்சை இழுக்கும்போது சவ்வு உள்வாங்கும். அது நெம்புகோலை அழுத்தும். வால்வு திறக்கும். காற்று வரும். மூச்சை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும்.

எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும்? நன்றாகச் சரிசெய்த கருவியில் சுமார் 3 செ.மீ. நீர் உயர அழுத்தம் போதும். சவ்வின் விட்டம் 6 செ.மீ. என்றால் பரப்பு ஏறக்குறைய 28 சதுர செ.மீ. ஆகவே சவ்வின் மேல் விழும் விசை சுமார் 85 கிராம் எடைக்குச் சமம். அந்தச் சிறு விசையை நெம்புகோல் பெருக்கிக் கொடுக்க, வால்வு திறக்கிறது. ஆர்க்கிமிடீஸ் இதைப் பார்த்தால் மகிழ்ந்து போவார்!

செய்து பாருங்கள்

ஒரு டம்ளர் நீரில் உறிஞ்சுகுழலை வைத்து, நீரை 3 செ.மீ. உயரத்துக்கு மட்டும் இழுத்துப் பாருங்கள். கன்னத்தைக் குழிய வைத்து உறிஞ்சக் கூடாது. மார்பை விரித்து, மூச்சை இழுப்பது போல இழுக்க வேண்டும். இழுப்பதே தெரியாது, அவ்வளவு எளிது. அடுத்து, 1 மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, அதே முறையில் நீரை எவ்வளவு உயரம் இழுக்க முடிகிறது என்று அளந்து பாருங்கள். நாணல் குழாய்க் கதாநாயகனின் கதி புரிந்துவிடும்.

இந்த 3 செ.மீ. என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எளிய கருவியோ உயர்ந்த கருவியோ, மூச்சு இழுக்கத் தேவைப்படும் தொடக்க முயற்சி இதை ஒட்டித்தான் இருக்கிறது. விலையுயர்ந்தது கொஞ்சம் குறைவாகக் கேட்கலாம். அந்த வேறுபாடு உறிஞ்சுகுழலில் ஒரு விரல் அகலம்கூட வராது.

விலை எங்கே ஏறுகிறது?

அப்படியானால் கூடுதல் விலை எதற்கு? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, ‘சமன் செய்யப்பட்ட’ முதல் படி. இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். எளிய வகையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. சுருள்வில்லும் கடல்நீரின் அழுத்தமும் வால்வைத் திறக்கப் பார்க்கின்றன. இடை அழுத்தம் பிஸ்டனின் தலையைத் தள்ளி மூடப் பார்க்கிறது. இவற்றோடு, உருளையின் அழுத்தமும் ஒரு சிறு துளை வழியே வந்து வால்வைத் திறக்கும் பக்கம் உதவுகிறது. உருளை காலியாக ஆக, இந்த உதவி குறையும். ஆகவே இடை அழுத்தமும் குறையும்.

எவ்வளவு குறையும்? துளையின் விட்டம் 3 மி.மீ., பிஸ்டன் தலையின் விட்டம் 30 மி.மீ. என்று கொள்வோம். விட்டம் 10 மடங்கு. பரப்பு 100 மடங்கு. உருளை 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கினால் குறைவு 150 பார். இதன் விளைவு பிஸ்டன் தலையில் நூறில் ஒரு பங்கு, அதாவது 1.5 பார். 10 பாராக இருந்த இடை அழுத்தம் 8.5 பாராகும். இதனால் உருளை தீரும் நேரத்தில் மூச்சு இழுப்பது சற்றே கடினமாகலாம். உயர்ந்த வகையில், உருளையின் அழுத்தம் வால்வைத் திறக்கவும் மூடவும் உதவாதபடி அமைத்துவிடுகிறார்கள். முதல் மூச்சும் கடைசி மூச்சும் ஒன்றுபோல இருக்கும். நல்ல பொறியியல்தான், மறுக்கவில்லை. ஆனால் முறையாகப் பயின்றவர் 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்திருக்க வேண்டுமே! கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுவதற்காகவா கூடுதல் பணம் கொடுப்பது?

இரண்டாவது, குளிர் நீர்ப் பாதுகாப்பு. அழுத்தப்பட்ட காற்று விரியும்போது குளிர்கிறது. சைக்கிள் டயரின் காற்றைத் திறந்துவிட்டு, வால்வைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். 200 பாரிலிருந்து 10 பாருக்கு விரியும்போது குளிர்ச்சி மிகக் கடுமை. ஐரோப்பிய ஏரிகளில், நீரே 4 டிகிரியில் இருக்கும்போது, ரெகுலேட்டருக்குள் பனிக்கட்டி உண்டாகி வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். அதைத் தடுக்கத் தனிச் சவ்வு, வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடுகள் என்று பல ஏற்பாடுகள் தேவை. நம் கடலில்? வங்கக் கடலின் மேற்பரப்பு நீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கிறது. அங்கே பனிக்கட்டிப் பாதுகாப்புக்குப் பணம் கொடுப்பது, சென்னையில் கம்பளிக் கோட்டு தைத்துக்கொள்வது போன்றது.

மூன்றாவது, அலங்காரமும் வசதியும். டைட்டானியம் உடல், பளபளக்கும் பூச்சு, மூச்சின் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஆகியவை. குரோமியம் பூசிய பித்தளையே நல்ல நீரில் கழுவி வந்தால் பல்லாண்டுகள் உழைக்கும்.

எந்தக் கருவியாலும் தர முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பரவலாகப் புழங்கும் அலுமினிய உருளையின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பாரில் அதில் ஏறக்குறைய 2200 லிட்டர் காற்று. 50 பாரை மிச்சம் வைத்தால் பயன்படுவது 1650 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 10 மீட்டர் ஆழத்தில், அதாவது 2 பாரில், 40 லிட்டரைச் செலவிடுவார். சுமார் 41 நிமிடம் வரும். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார், அங்கே 29 நிமிடமே வரும். எத்தனை ஆயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் பாயில் விதிக்குத் தள்ளுபடி கிடையாது!

மறுபக்கத்தையும் கேட்போம்

‘ஐயா, ஒரே தடவையில் நல்லதாக வாங்கிவிட்டால் பிறகு கவலை இல்லையே’ என்று சிலர் வாதிடுவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆழம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தியும் கூடுகிறது. 30 மீட்டரில் நாம் இழுக்கும் காற்று மேலே இருப்பதைப் போல 4 மடங்கு அடர்த்தியானது. அடர்ந்த காற்று குறுகிய வழியில் எளிதில் ஓடாது. அத்துடன், துணைக்கு வந்தவரின் காற்று தீர்ந்து, இருவரும் ஒரே முதல் படியிலிருந்து மூச்சு வாங்க வேண்டி வந்தால் தேவை இரட்டிப்பாகும். உருளையும் காலியாகும் தறுவாயில் இருந்தால், எளிய கருவி திணறும். சமன் செய்யப்பட்டது தாங்கும்.

ஆகவே, மூழ்கிய கப்பல்களைத் தேடி ஆழத்துக்குப் போகிறவர், குளிர்நாட்டு ஏரியில் இறங்குகிறவர், நாள்தோறும் பிறரைக் கடலுக்குள் அழைத்துச் செல்லும் பயிற்சியாளர் ஆகியோர் உயர்ந்த வகையை வாங்குவதே சரி. ஆனால் நாம் பேசுவது முதல் ரெகுலேட்டரைப் பற்றி. முதல் நிலைச் சான்றிதழ் பெற்றவருக்கு அனுமதிக்கப்படும் ஆழம் பொதுவாக 18 மீட்டர். அடுத்த நிலைக்கு 30 மீட்டர்.

எளிய கருவி இந்த ஆழத்துக்குப் போதும் என்பதற்கு என்ன சான்று? ஐரோப்பிய நாடுகளில் இ.என். 250 என்ற தரவிதி உண்டு. அதன்படி ரெகுலேட்டரை 50 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில் வைத்து, நிமிடத்துக்கு 62.5 லிட்டர் சுவாசிக்கும் இயந்திரத்தில் பூட்டிச் சோதிக்கிறார்கள். 62.5 லிட்டர் என்பது அமைதியாக நீந்துபவரின் தேவையைப் போல மூன்று மடங்கு. ஓடிக் களைத்தவர் மூச்சு வாங்குவது போன்றது. அந்த நிலையிலும் ஒரு லிட்டர் காற்றைச் சுவாசிக்கச் செலவாகும் ஆற்றல் 3 ஜூலைத் தாண்டக் கூடாது. விலை குறைந்த கருவியானாலும் அந்த முத்திரை இருந்தால் இந்தத் தேர்வில் தேறியது என்று பொருள். தேர்வு 50 மீட்டருக்கு. நீங்கள் போவது 18 மீட்டருக்கு. 35 மதிப்பெண் தேவைப்படும் இடத்தில் 90 வாங்கியவன் போதாதா?

அந்த முத்திரையை உற்றுப் படிக்கவும் பழகுங்கள். 10 டிகிரிக்கு மேல் என்ற குறி இருந்தால் அது குளிர் நீர்ச் சோதனைக்குப் போகாதது. நம் கடலுக்கு அதனால் குறையில்லை. 250 என்பதையடுத்து ‘ஏ’ என்ற எழுத்து இருந்தால், இருவர் ஒரே முதல் படியில் மூச்சு வாங்கும் நிலையிலும் 30 மீட்டர் வரைக்குச் சோதிக்கப்பட்டது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், டைட்டானியத்தைத் தேட மாட்டேன். இந்த ஓர் எழுத்தைத் தேடுவேன்.

இன்னொரு நிம்மதியான செய்தி. இன்றைய இரண்டாம் படிகளில் பெரும்பாலானவற்றின் வால்வு காற்று ஓடும் திசையிலேயே திறப்பது. முதல் படி பழுதாகி இடை அழுத்தம் அளவுக்கு மீறி ஏறினால், வால்வு தானே திறந்து காற்று கொட்டும், மூடிக்கொள்ளாது. உருளை வேகமாகக் காலியாகும் என்பது உண்மை. ஆனால் மூச்சுக்குக் காற்று திடீரென நின்றுபோகாது. பழுதானாலும் திறந்த நிலையில் பழுதாக வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, எளிய கருவியிலும் உண்டு. உயர்ந்த கருவியிலும் உண்டு.

எங்கே சிக்கனம் கூடாது?

‘எளியது போதும்’ என்றேன். ‘எதுவும் போதும்’ என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டில்தான் உயிர் இருக்கிறது.

வெல்டிங் பட்டறை ரெகுலேட்டரையோ பிராணவாயு உருளையையோ வைத்துக்கொண்டு கடலில் இறங்கலாம் என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். தூய பிராணவாயு ஏறக்குறைய 6 மீட்டருக்குக் கீழே வலிப்பை உண்டாக்கக்கூடிய நஞ்சு. பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றும் ஆகாது. அதில் எண்ணெய் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கக் கூடும். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது அவற்றின் கேடும் பெருகும்.

பழைய கருவியைப் பாதி விலைக்கு வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். உதிரிப் பாகம் கிடைக்காத மாதிரி என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் அது செலவுதான். அப்படியும் வாங்க நினைத்தால், தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இவற்றைப் பாருங்கள்:

1. காற்று நுழையும் இடத்தில் ஒரு சிறு உலோக வடிகட்டி தெரியும். அது பச்சையாக இருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் உருளையின் துரு. கறுப்பு என்றால் கம்ப்ரஸரின் எண்ணெய்க் கரி.

2. உருளையில் பூட்டாமல், தூசி மூடியைப் போட்டு, வாய்வழியே மூச்சை இழுங்கள். காற்று வரக் கூடாது. வந்தால் சவ்விலோ மூச்சு வெளியேறும் வால்விலோ கசிவு இருக்கிறது. அந்த வழியே நாளை நீர் வரும்.

3. உருளையில் பூட்டி, இடை அழுத்தத்தை அளவியில் பார்க்கச் சொல்லுங்கள். முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் வால்வின் இருக்கை தேய்ந்துவிட்டது.

4. மூச்சை இழுக்கும்போது உருளையின் அழுத்தமானியைக் கவனியுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து எழுந்தால், வடிகட்டி அடைத்திருக்கிறது. அல்லது உருளையின் வால்வு முழுதும் திறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சி. பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் 10 வயது நிரம்பியவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன; சிறுவர்களுக்கு 12 மீட்டர் என்று எல்லை வைக்கின்றன. கடற்கரையில் பிறந்த நண்பர்களுக்கு ஒரு தனிச் சொல். தூத்துக்குடிக் கடலில் முத்தும் சங்கும் எடுத்த நம் குளியாளிகள் மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள். மூச்சை அடக்கித்தான் ஏறினார்கள். அவர்களுக்கு அது சரி. ஏனென்றால், மேலே இழுத்த மூச்சுதான் கீழே சுருங்கி, மீண்டும் மேலே பழைய அளவுக்கு வருகிறது. ரெகுலேட்டர் வழியே ஆழத்தில் மூச்சை வாங்கியவர் அப்படிச் செய்யவே கூடாது. 10 மீட்டரில் நுரையீரலை நிரப்பி, மூச்சை அடக்கி மேலே வந்தால், காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை ஒருபோதும் நிறுத்தாதே என்பது இதன் முதல் பாடம். அதைத் தெரியாதவர் கையில் உலகின் மிக உயர்ந்த ரெகுலேட்டரும் ஆபத்தானது.

கடையில் என்ன கேட்பது?

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை நாள் கடலில் இறங்கப் போகிறேன்? மூன்று நான்கு நாள்தான் என்றால் வாடகைக் கருவியே மேல். அந்தப் பணத்தில் முகத்துக்குப் பொருந்தும் நல்ல முகக்கண்ணாடி ஒன்றை வாங்கலாம். அடிக்கடி போகிறவர் என்றால் கடைக்குப் போங்கள்.

விலை கேட்கும்போது தொகுப்பாகக் கேளுங்கள். முதல் படி, இரண்டாம் படி, துணைவருக்கான மஞ்சள் நிற உபரி இரண்டாம் படி, அழுத்தமானி, மிதவைச் சட்டைக்குக் காற்றுத் தரும் குழாய் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே ஒரு தொகுப்பு. விளம்பரத்தில் வரும் மலிவு விலை பெரும்பாலும் முதல் இரண்டுக்கு மட்டுமாக இருக்கும்.

உருளையில் பூட்டும் முறை எது என்று பாருங்கள். நுகத்தடி போலக் கவ்விப் பிடிப்பது ஒன்று. டின் எனப்படும், திருகிப் பொருத்துவது மற்றொன்று. நீங்கள் போகும் முக்குளிப்பு நிலையத்து உருளைகளுக்கு எது பொருந்துமோ அதையே வாங்குங்கள். திருகு வகையை வாங்கி, இணைப்பான் ஒன்றை வைத்துக்கொண்டால் இரண்டிலும் பயன்படுத்தலாம்.

கடைசியாக, மிக முக்கியமான கேள்வி: ‘இதைச் சர்வீஸ் செய்ய எங்கே போவது? உதிரிப் பாகம் எத்தனை நாளில் வரும்? என்ன செலவாகும்?’ பல தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கச் சொல்கிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கருவியை முழுதும் பிரித்து, ஓ-ரிங் வளையங்களையும் வால்வு இருக்கைகளையும் மாற்ற வேண்டும். பிஸ்டன் வகை எளிய முதல் படியில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு. பாகங்கள் குறைந்தால் தேய்மானம் குறையும். சர்வீஸ் செலவும் குறையும். இதுவும் அதன் பக்கம் நிற்கும் வாதம். அருகில் சர்வீஸ் செய்ய ஆள் இருக்கும் எளிய கருவியையும், வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும் என்ற உயர்ந்த கருவியையும் காட்டி, எது பாதுகாப்பானது என்று கேட்டால், தயங்காமல் முதலாவதைச் சொல்வேன். மூன்றாண்டு கவனிக்காமல் விட்ட ராஜா வீட்டுக் குதிரையைவிட, நாள்தோறும் தீனி போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டிய வண்டிமாடு நம்பகமானது.

வாங்கிய பிறகு உங்கள் கடமை எளிது. ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து வந்ததும், தூசி மூடியை இறுக்கிப் போட்டு, நல்ல நீரில் ஊற வைத்துக் கழுவுங்கள். அப்போது இரண்டாம் படியின் நடுப் பொத்தானை அழுத்தாதீர்கள். வால்வு திறந்து நீர் உள்ளே போய்விடும். நிழலில் உலர்த்துங்கள்.

நண்பர்களே, கம்பெனிப் பெயர் எதையும் நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயர்களும் மாதிரிகளும் ஆண்டுக்காண்டு மாறும். பாஸ்கலும் பாயிலும் மாற மாட்டார்கள். அவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவரை எந்த விளம்பரமும் மிரட்ட முடியாது.

இன்னும் ஓர் ஆசை. நமக்கு நீண்ட கடற்கரை இருக்கிறது. பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. கைத்திறன் மிக்க இளைஞர்கள் இருக்கிறார்கள். சுருள்வில், சவ்வு, நெம்புகோல் ஆகியவற்றால் ஆன இந்தக் கருவியை முறைப்படி கற்றுச் சரிசெய்யும் தொழில்நுட்பர்கள் கடலோர ஊர்கள்தோறும் உருவாக வேண்டும். அப்படி ஒருவர் இருக்கும் ஊரில், எளிய கருவி வாங்கியவரும் நிம்மதியாகக் கடலில் இறங்கலாம். உங்களில் யாராவது அந்தத் தொழிலுக்கு வருவீர்களானால், விலையுயர்ந்த ரெகுலேட்டர் காப்பதைவிட அதிகமான உயிர்களை உங்கள் கைகள் காக்கும்.